டிவி குடோனில் கதவு இருந்தது

டிவியில் அந்தப் பெண் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது நாங்கள் ஒன்பது பேரும் சிரித்தோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. ஒருத்திக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. அது சிரிக்கவேண்டிய இடம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். பின்னால் வயலின் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் என்ன செய்வது? அந்தக் கக்கூஸில் வெள்ளை டைல் இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் கதவு இருந்தது. கதவில் தாழ்ப்பாளும் இருந்தது.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா குடோனில் வேலை செய்கிறேன். சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு எல்லாம் கப்பல் ஏறிப் போகிற சரக்கு. அதைப் புடைத்து, பொறுக்கி, தரம் பிரிப்பது எங்கள் வேலை. அந்த டிவி காமெடியும் ஒரு மசாலா குடோனில்தான் நடக்கிறது. மலையாளத் தொடர். சாயங்காலம் டிவியில் வரும். மறுநாள் இணையத்தில் போடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அதைக் குடோன் போனில் பார்ப்போம். ஜாதிக்காய் மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தோடு சுற்றி உட்கார்ந்துகொள்வோம்.

குடோன் போன் என்றால் கம்பெனி போன். சரக்கு வாங்குகிறவர்களுக்குப் போட்டோ அனுப்பவேண்டும். பிரிக்கும் முன் ஒன்று, பிரித்த பின் ஒன்று. அதை எடுத்து அனுப்புகிற வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்திருந்தார். எனக்குக் கை நடுங்காது, எழுத்தும் தெரியும் என்பதால். அதனால் போன் பகல் முழுவதும் என் மடியில் இருக்கும்.

அந்தத் தொடரைப் பற்றி எங்கள் கருத்தைச் சொன்னால் எழுதியவர்களுக்குச் சோறு இறங்காது. நாங்கள் பேசுவது பாதி மலையாளம், பாதி தமிழ். இங்கே புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

"எடீ, அவ முறத்தைப் பிடிச்சிருக்கிறதைப் பாரு. வாய்ப்பக்கம் வயித்துக்கு நேரே! புடைச்சா சரக்கு முழுக்க மடியில."

"அது சுக்கா? பச்சை இஞ்சி. கடையில இருந்து வாங்கிக் கழுவிக்கூட இல்ல."

"மேனேஜரா வர்றவன் கொள்ளாம், பார்க்க நல்லாத்தான் இருக்கான். நம்ம மேனேஜருக்கு அந்தத் தலைமுடியில கால் பங்கு இருந்தாலும் போதும்."

"ஐயோ, சுக்கு புடைச்ச கையால கண்ணைத் துடைக்கிறா! மோளே, துடைக்காதே! எரிஞ்சு செத்துடுவே!"

இது கடைசியில் சொன்னது என் இத்தா. இத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீட்டு அக்கா. எனக்கு முன்னால் இந்தக் குடோனுக்கு வந்தவள். டிவிக்குள் இருக்கிறவள் காதில் விழும் என்பதுபோல அவ்வளவு சத்தமாகக் கத்துவாள்.

அந்தத் தொடரில் தமிழ்க்காரி ஒருத்தியும் உண்டு. தலையில் ஒரு முழம் பூ, நெற்றியில் நாலணா அகலத்துக்குப் பொட்டு. வாயைத் திறந்தால் "அய்யய்யோ சாமி" என்பாள். அவள் வரும்போதெல்லாம் எட்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "நீ ஏன்டீ இப்படிப் பேசல? நீ டூப்ளிகேட் தமிழா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் திருப்பிக் கொடுத்ததை இங்கே எழுத முடியாது.

இப்போது சாக்கைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் குடோனில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ்தான். முற்றத்தின் மூலையில். முன்பு அதற்கு ஒரு மரக்கதவு இருந்தது. உப்புக்காற்றிலும் மழையிலும் அழுகி, ஒரு நாள் ஒருத்தி கையோடு வந்துவிட்டது. அதை மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் எடுத்து ஓரமாகப் போட்டார்கள். பிறகு விறகுக்குப் போயிற்று. புதுக்கதவு வரவில்லை. வராததால் நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். ஜாதிக்காய் வந்த கோணிச்சாக்கு ஒன்றின் தையலைப் பிரித்து விரித்தோம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் நின்று அந்தச் சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கவேண்டும். முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொள்ளவேண்டும். சத்தமாக ஏதாவது பேசவேண்டும், இல்லையென்றால் பாடவேண்டும். உள்ளே கேட்கிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது, அதற்காக.

ஒவ்வொருத்திக்கும் ஒரு சாக்குக்காரி. என் சாக்குக்காரி இத்தாதான். எனக்குச் சாக்கு பிடிக்கும்போதெல்லாம் அவள் தன் நாத்தனாரைத் திட்டுவாள். முற்றம் முழுக்கக் கேட்கும். அந்த நாத்தனார் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள், பாவம். அவள் செய்யாத குற்றம் எல்லாம் என் மூத்திரத்துக்காக அவள் தலையில் ஏறியிருக்கிறது.

சாக்குக்காரியோடு காலையில் சண்டை போடக்கூடாது. போட்டால் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். சாக்குக்காரி லீவு எடுத்தால் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கமாட்டோம். சுக்குத்தூசி தொண்டையை அறுக்கும், இருந்தாலும் குடிக்கமாட்டோம். அப்படிக் குடிக்காமல் இருந்து எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் அம்மா, "தண்ணி குடிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் சாக்குக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 

சுமட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாய் ரொம்ப மோசம். ஆனால் சாக்கு ஏறியது கண்ணில் பட்டால் தலையில் மூட்டையோடு திரும்பி, சுற்றிப் போவார்கள். ஒரு நாள்கூட ஒருத்தனும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. இதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வார்கள்.

கதவு வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டோம். "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். ஒன்பது மாதம் நோக்கினார். முதலாளி மாதம் ஒரு தடவை வருவார், சரக்கைப் பார்ப்பார், போவார். அவரிடம் மேனேஜர் இதைச் சொன்னாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. மேனேஜரோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. அவர் நல்லவர் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருக்கமாட்டேன். சிடுமூஞ்சி. காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். வீட்டில் என்ன குழம்பு என்பது முதல் எங்களுக்குத் தெரியும். அவர் மனைவி அவரிடம் நாலு வார்த்தைக்குமேல் பேசமாட்டார் என்பதும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ரோல் விஷயம் வந்தது. நான் பதினொரு வருஷமாகத் தினக்கூலி. ரோலில், அதாவது நிரந்தர ஆட்கள் கணக்கில், ஏறினால் இ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கும், பி.எஃப். பிடிப்பார்கள், காய்ச்சலில் படுத்தால் கூலி போகாது. ஒன்பது பேரில் இத்தாவும் இன்னொருத்தியும் ஏற்கனவே ரோலில் இருந்தார்கள். மிச்சம் ஏழு பேரில் மூன்று பேரை ஏற்றுவதாக முடிவானது. மேனேஜர் பட்டியல் எழுதினார். மூன்றாவது பெயர் என்னுடையது. முதலாளி கையெழுத்துப் போடவேண்டியது மட்டும் பாக்கி.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன்னைச் சேர்த்திருக்கேன். முதலாளி ஒப்பு போடற வரைக்கும் நீ மிண்டக்கூடாது. கேட்டோ? வாயைத் திறக்கவே கூடாது."

"வேலைக்கு வாய் எதுக்கு சார்" என்றேன்.

"இதுதான். இதைத்தான் சொன்னேன். போ."

வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. விரல்தான் வேலை செய்தது.

டைல் போட்ட கக்கூஸில் அந்தப் பெண் அழுத அன்றைக்குச் சிரித்து முடித்தபிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். சிரிப்பு முன்னால் வரும், பின்னாலேயே கோபம் வந்து நிற்கும். தொடர் முடிந்ததும் ஒரு பெண் குரல் சொல்லும்: உங்கள் கருத்தை எழுதுங்கள், நல்ல கருத்தை ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் வாசிப்போம். தினமும் கேட்டுக் காது புளித்த குரல்.

"கருத்து வேணுமாம். எழுதுடீ" என்றாள் இத்தா.

"என்னன்னு?"

"உள்ளதை எழுது. உனக்கு ஒளிக்கத் தெரியுமா என்ன?"

எல்லோரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள். முறத்தைப் பற்றி எழுது, இஞ்சியைப் பற்றி எழுது, அந்தத் தமிழ்க்காரி பொட்டைப் பற்றி எழுது. நான் எதையும் எழுதவில்லை. இத்தாவைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சாக்கைப் பிடிக்கச் சொன்னேன். போட்டோ எடுத்தேன். சாக்குக்கு மேலே விரல்கள், கீழே இரண்டு கால், நடுவில் சாக்கு. முகம் தெரியவில்லை. சரக்குக்குப் போட்டோ எடுத்துப் பழகிய கை, நல்ல தெளிவாக வந்தது.

பிறகு மலையாளத்தில் எழுதினேன். வார்டு ஆபீசுக்கு மனு எழுதுகிற பாஷைதான் எனக்குத் தெரிந்த எழுத்துப் பாஷை. அதில்தான் எழுதினேன். "தங்கள் தொடரில் வரும் குடோனில் பெண்களுக்கு டைல் பதித்த கக்கூஸும் கதவும் உள்ளன. எங்கள் குடோனில் கதவு இல்லை. பெண்கள் இவ்வாறு சாக்கு பிடித்துக்கொண்டு போகிறார்கள். பார்க்கிறவர்கள் உண்மையையும் அறியவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்." அவ்வளவுதான். போட்டோவைச் சேர்த்து அனுப்பினேன்.

கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் யார் எழுதினார்கள் என்று தெரியாது என்று நினைத்தேன், மொட்டைக் கடிதம் மாதிரி. ஒன்பது பேரில் ஒருத்திக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. எழுதியவர்கள் அந்தத் தொடரில் என்னென்ன தப்பு செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தப்பு எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் அது நிற்காமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கருத்துக்குக் கீழே கருத்து, அதற்குக் கீழே கருத்து. நான் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சத்தமாக வாசித்தேன்.

"இப்படி உள்ளதைத் திறந்து சொல்ல ஒரு கம்பெனிக்குத் தைரியம் வேண்டும்."

"இந்தக் குடோன் மேனேஜர் யாரோ, அவர் மனுஷன்."

"தொடரில் வரும் மேனேஜரை மாற்றிவிட்டு இவரைப் போடுங்கள்."

"என் அம்மாவும் இப்படித்தான் சாக்கு பிடித்தாள். அவள் இப்போது இல்லை. இதைப் பார்த்து அழுதுவிட்டேன்."

ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம் வைத்திருந்த ஆள். "போட்டோ எடுக்க நேரம் இருக்கிறது. கதவு வைக்க நேரம் இல்லையா?" அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. நான் ஒன்பது மாதமாகக் கத்தியதை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

இத்தாதான் முதலில் கண்டுபிடித்தாள். "எடீ, இவங்க எல்லாம் மேனேஜர்னு எதுக்குச் சொல்றாங்க?" என்று எட்டிப் பார்த்தவள், என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேலே பாருடீ! கம்பெனி பேரல்லே கிடக்குது! நம்ம போர்டு படமும் உண்டு!"

அது கம்பெனி போன். கம்பெனி பெயரில்தான் எல்லாம் போகும். சரக்குப் போட்டோ போவதும் அந்தப் பெயரில்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.  மூன்றாவது பெயர் கண்ணுக்கு முன்னால் வந்தது. பதினொரு வருஷம் வந்தது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் மேனேஜர் வாசலில் நின்றார்.

"ஆரு இது போட்டது?"

அவர் கையில் அவருடைய போன்.  

"நான்தான் சார்" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீதான்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்காதேன்னு சொன்னா கையைத் திறப்பே. முதலாளி பார்த்தா என் கதி என்ன, உன் கதி என்ன? டெலிட் செய்."

"செய்றேன் சார்."

"இப்போ செய். என் முன்னாடி செய். எனக்கு அது செய்யத் தெரியாது."

அழிக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் எப்போதும்போல எடுத்தார், எப்போதும்போல ஸ்பீக்கரில்.

"கேக்குதா?" என்றார் அந்த அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் பார்த்தேன். நீங்க எழுதினதை நான் பார்த்தேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். 

"இருபத்தாறு வருஷமா உங்க கூட குடியிருக்கேன். மீன் வாங்கினா முள்ளை எண்ணிப் பார்க்கிற மனுஷன். அங்க வேலை செய்யற பொண்ணுங்களுக்காக இப்படி எழுதுவீங்கன்னு நான் சொப்பனத்திலயும் நினைக்கலே. நம்ம மோள் காக்கநாட்டுல ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டியிருக்கா, என் அச்சன் எழுதினதுன்னு சொல்லி. அழுதுட்டு எனக்குப் போன் பண்ணா. கேக்குதா?"

"ம்" என்றார்.

"சோறு உண்டீங்களா?"

"இல்ல."

"உண்ணுங்க. சாயங்காலம் சீக்கிரம் வாங்க. கரிமீன் வாங்கியிருக்கேன்."

போன் நின்றுவிட்டது. நாங்கள் ஒன்பது பேரும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தும்மல் வந்தவள்கூட அடக்கிக்கொண்டாள். மேனேஜர் அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இத்தா மெதுவாகக் கேட்டாள். "சார், டெலிட் செய்யட்டோ?"

"மிண்டாதே" என்றார். போய்விட்டார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். மாதம் பாதியில் அவர் வருகிறவர் இல்லை. மேனேஜர் அறைக்கும் எங்கள் இடத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். எல்லாம் கேட்கும். முதலாளி கத்தினார். கம்பெனி பெயர் போயிற்று, வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், யார் போட்டது இது.

"ஞான்" என்றார் மேனேஜர். நான் என்று.

நான் எழுந்தேன். பொய் காதில் விழுந்தால் எனக்கு உட்கார வராது. உள்ளே போய், இவர் இல்லை, நான்தான் என்று சொல்வதற்கு எழுந்தேன். என் பெயர் பட்டியலிலிருந்து போகட்டும் என்று எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். அதை அப்போது நினைக்கவில்லை. கால் தானாக எழுந்தது.

இத்தா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். என் காதுக்குள் சொன்னாள்: "நீ இப்போ உள்ள போனா உனக்கு இங்க போச்சு, அவருக்கு வீட்ல போச்சு. இரி."

உட்கார்ந்தேன். முதலாளி மேலும் கத்தினார். மேனேஜர் மறுபடியும் அதையே சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது. மற்றவர்களை நியாயம் கேட்கிறவள் நான். அன்றைக்கு இன்னொருவர் என் திட்டை வாங்கிக்கொண்டார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதை வாசித்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. "ஒரு குடோன் மேனேஜர் அனுப்பிய கருத்து" என்று அந்தப் பெண் குரல் சொன்னது. திங்கட்கிழமை காலையில் நாங்கள் வேலைக்கு வந்தபோது முற்றத்தில் முதலாளி அனுப்பிய ஆசாரி நின்றுகொண்டிருந்தார். நீலக் கலர் பிளாஸ்டிக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள். ஒருத்தி மாற்றி ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தோம். யாருக்கும் அவசரம் இல்லை. சும்மாதான். நான் உள்ளே இருந்தபோது வெளியே இத்தா பழக்கத்தில் நாத்தனாரைத் திட்டத் தொடங்கிவிட்டாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, "இனி இவளை யார் திட்டறது?" என்றாள்.

அன்று குடோனில் ஒரு செம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தேன். எல்லோரும் பார்க்கக் குடித்தேன்.

மேனேஜரை அக்கரையில், பிராட்வே கடைத்தெருவில் கம்பெனிக்கு இருந்த சில்லறைக் கடைக்கு மாற்றினார்கள். டன் கணக்கில் கப்பலேற்றியவர், நூறு கிராம் ஏலக்காயைப் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனார். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினார். மூன்றாவது பெயர் அப்படியே இருந்தது. கீழே முதலாளி கையெழுத்து.

"ஒப்பு போட்டாச்சு" என்றார். "இனி நீ எவ்வளவு வேணும்னாலும் மிண்டலாம். நான் இங்க இருக்கமாட்டேன்."

"நீங்க எதுக்கு சார் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"உனக்காகன்னு நினைச்சியா? போடீ." மேஜைமேல் இருந்த பேனா, கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். "வீட்டுல இப்போ பேச்சு உண்டு. அதைக் கெடுக்க எனக்கு மனசில்ல." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கதவை நான் முன்னாடியே வெச்சிருக்கணும். முதலாளிகிட்ட ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லப் பயந்தேன்" என்றார்.

நான் நன்றி என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அந்த வார்த்தை வராது. திட்டு வரும், பதில் வரும், அது மட்டும் வராது. "காது டாக்டரைப் போய்ப் பாருங்க சார்" என்றேன். அதுதான் வந்தது.

தொடரிலும் சாக்கு வந்தது. எங்களைப் பார்த்துத்தான் எழுதினார்கள். கதாநாயகிக்கு அவள் தோழி சாக்கு பிடிக்கிறாள். இஸ்திரி போட்ட மாதிரி புதுச் சாக்கு. பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துப் பேசுகிறாள்! எங்களுக்கு உயிர் போயிற்று. "திரும்பு மோளே, திரும்பு! முற்றத்தைப் பாரு!" என்று இத்தா போனைப் பார்த்துக் கத்தினாள். இந்தத் தடவை கருத்து எழுதவில்லை. போனைத் தொடவே எல்லோருக்கும் பயம். ஆனால் அன்றைக்கு நாங்கள் யாரும் அந்தத் தொடரைக் கெட்டது என்று சொல்லவில்லை. முறத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள்தான். இருந்தாலும் அவர்கள் அந்தப் பொய்க் கதவைக் காட்டியிருக்காவிட்டால் எங்களுக்கு இந்த நிஜக் கதவு இல்லை.

இ.எஸ்.ஐ. கார்டு கைக்கு வந்த வாரம், மகளுக்குத் துணி எடுக்கப் பிராட்வே போனேன். வேலை முடிந்து படகேறி அந்தக் கரைக்குப் போய், கூட்டத்தில் இடித்துப் பிடித்து நடந்து, துணி எடுத்தபிறகு அந்தக் கடையைத் தேடிப் போனேன். மேனேஜர் கல்லாவுக்குப் பின்னால் நின்று தராசில் கிராம்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் சோற்றுப் பாத்திரம். அந்தக் குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஸ்பீக்கரில் கேட்ட குரல்.

என்னைப் பார்த்ததும் மேனேஜர் முகம் கறுத்தது. "என்ன வேணும்?" என்றார், தெரியாத ஆளைக் கேட்பதுபோல.

"நம்ம குடோன்ல வேலையா?" என்று அந்த அம்மா கேட்டார். என் கையில் சுக்குத்தூசி வாடை போகாது, குளித்தாலும் போகாது. அதில் கண்டுபிடித்திருக்கவேண்டும். "கதவு வெச்சாச்சுல்ல?"

"வெச்சாச்சு சேச்சி. நீலக் கதவு. தாழ்ப்பாள் உண்டு."

கடையில் சரக்கு வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மா அவர்களுக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் எழுதினதுதான். டிவியில வாசிச்சாங்க. அதுக்காகத்தான் இவரை இங்க தூக்கிப் போட்டாங்க. ஆனா எனக்கு அதுல சங்கடம் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மோளே, இவர் எழுதினதாலதானே அந்தக் கதவு வந்தது?"

மேனேஜர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எப்போதோ நின்றுவிட்டது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொய்க்கு நான் தலையாட்டியதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு நன்றாக இல்லை என்றால் பந்தியிலேயே சொல்கிறவள். அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு ஒரு வினாடிகூட யோசனை வரவில்லை.

"ஆமா சேச்சி. சார் எழுதினதுதான்" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "நாங்க ஒன்பது பேரும் சாரை நினைக்காம ஒரு நாளும் தாழ்ப்பாள் போட்டதில்ல" என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வரி உண்மை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளம்தான் எனக்குக் கைப்பழக்கம். தமிழ் என் அப்பா சொல்லிக்கொடுத்த எழுத்து, கூட்டிக்கூட்டித்தான் வருகிறது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. காக்கநாட்டில் இருக்கிற மகளுக்கும் தெரியாது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேனேஜர் நிறுத்துவைத்த கிராம்பைக் காகிதத்தில் மடித்து அந்த இரண்டு பேருக்குக் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, குடோனில் பார்க்கிற அதே சிடுமூஞ்சியோடு கேட்டார்.

"சோறு உண்டியா?"

"இல்ல சார்."

அந்த அம்மா ஸ்டூலை நகர்த்தி இடம் கொடுத்தார். பாத்திரத்தின் மூடியைத் திருப்பிப் போட்டு அதில் எனக்கு ஒரு பங்கு வைத்தார். கரிமீன் இருந்தது. மேனேஜர் தன் துண்டை எடுத்து முள்ளை எண்ணிப் பார்க்காமல் சாப்பிட்டார்.